எது அந்த லொறி?

எல்லவிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் வீதியில், கும்பல்வெலைச் சந்திக்கு இப்பால், பெயர்ப்பலகை இல்லாத கராஜ் ஒன்று உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் நாம் பயணம் செய்த பஸ் பழுதுற்று நின்றமையால் அதன் தகரக் கூரையின் கீழ் ஒதுங்க நேர்ந்தது. உள்ளே தலை கொய்யப்பட்ட உடலைப்போல ஒரு லொறி நின்றது. சாரதி அமரும் முன்கூட்டை, கராஜ்காரர் எல்லோரும் ‘கேபின்’ என்று சொல்லும் பகுதியை, அடியோடு கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். எஞ்சின் வெறுமையாகத் தெரிந்தது. ஸ்டியரிங் தண்டு மட்டும், பிடிப்பாரற்ற ஊன்றுகோலாய், வானத்தை நோக்கி நின்றது. அருகே இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல், அதே வகையான, ஆனால் இருபது ஆண்டுகள் இளைய, வெள்ளை நிறக் கேபின் ஒன்று காத்திருந்தது. அது யப்பானில் கழிக்கப்பட்ட ஒரு லொறியின் தலை. கொள்கலனில் கொழும்புக்கு வந்து, பஞ்சிகாவத்தைக் கடைகளில் கைமாறி, மலை ஏறியிருக்கிறது.

பஸ் சரியாகும்வரை இரண்டு மணி நேரம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கையால் நடக்கும் வேலையைக் கண்டால் உடனே அதைக் கருத்தாக மாற்றிவிடுவது. நாமும் மாற்றினோம். ஆனால் அந்தக் கருத்து நாம் விரும்பிய இடத்துக்கு எம்மை இட்டுச் செல்லவில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம்.

தலையை மாற்றுவது எளிய காரியமன்று. சேஸி எனப்படுவது இரண்டு நீண்ட இரும்புத் தண்டவாளங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த ஏணி. கேபின் அதன்மேல் ரப்பர்க் குஷன்களில் அமர்கிறது. முன்புறம் கீல், பின்புறம் பூட்டு. புதிய கேபினின் கால்கள் பழைய சேஸியின் துளைகளில் பொருந்துவதில்லை. பொருந்தும்படி இரும்புத் தாங்கிகளை வெட்டி ஒட்டவேண்டும். ஸ்டியரிங் தண்டின் நீளமும் சாய்வும் வேறு. கியர்த் தடியை இணைக்கும் முறையும் வேறு: பழையதில் இரும்புக் கோல், புதியதில் கம்பிவடம். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் தள்ளும் சிலிண்டர்கள் கேபினோடு சேர்ந்து போய்விட்டன. அவற்றை மீண்டும் பழைய குழாய்களோடு இணைக்கவேண்டும். மின்கம்பிகளின் கதையோ தனிக்கதை. பழைய டீசல் எஞ்சினுக்கு நாலைந்து கம்பிகள் போதும். புதிய கேபினில் கையளவு தடிப்பான கம்பிக் கட்டு வருகிறது. அது கேள்வி கேட்கும் கருவிகள் பல பழைய உடலில் இல்லவேயில்லை. ஆகவே டாஷ்போர்டில் சில முட்கள் அசையும், சில அசையா. சில விளக்குகள் என்றும் எரியா.

கராஜின் பாஸ் ஒரு சிங்களவர், அறுபதை அணுகுபவர். வேலையின் நடுவே எம்மைப் பார்த்து, “பழைய ஆளுக்குப் புது முகம்” என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். நாம் உடனே கேட்டோம்: “அப்படியானால் இது பழைய லொறியா, புதிய லொறியா?” அவர் எம்மை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மறுபடியும் வெல்டிங் கண்ணாடியை அணிந்துகொண்டார்.

கேள்வி பழையது. அதீனா நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் போற்றிப் பேணினர் என்றும், உக்கிய பலகையை எடுத்து நல்ல பலகையை வைத்து வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகி வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதினார். 1655இல் வெளியான நூலில் ஆங்கிலேயரான தோமஸ் ஹொப்ஸ் ஒரு குறும்பைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் மறுபடி பூட்டி இன்னொரு கப்பல் செய்தால், எது தீசியஸின் கப்பல்? இவற்றை எமது மாணவர்கள் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். ஆனால் இதே கேள்வி இந்த மண்ணுக்கு அருகிலும் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம். பாளி மொழியில் உள்ள மிலிந்த பஞ்ஹாவில், தேரில் ஏறி வந்த மிலிந்த மன்னனை நாகசேனர் என்ற பிக்கு மடக்குகிறார். அச்சா தேர்? சக்கரமா தேர்? தட்டா, நுகமா? ஒவ்வொன்றுக்கும் மன்னன் இல்லை என்கிறான். எல்லாம் சேர்ந்ததா? அதுவும் இல்லை. இவற்றுக்கு அப்பால் ஒன்றா? அதுவும் இல்லை. அப்படியாயின் ‘தேர்’ என்பது உறுப்புகளின் சேர்க்கையைக் குறித்து வழங்கும் ஒரு பெயரே என்று முடிகிறது உரையாடல். மனிதனுக்குள் மாறாத ஆன்மா ஒன்று இல்லை என்று காட்டுவதே பிக்குவின் நோக்கம். நாம் அதற்குள் நுழையவில்லை. தேரைக் கொண்டு தத்துவம் பேசியவர் அன்று ஒரு தேர்ப்பாகனிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

அரசாங்கத்துக்கு இந்தத் தத்துவச் சிக்கல் எதுவுமில்லை. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் சேஸி இலக்கம் இருக்கிறது. எஞ்சின் இலக்கமும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் அறிவித்துத் திருத்திக்கொள்ளலாம். சேஸி இலக்கமோ இரும்பிலேயே அடித்துப் பொறிக்கப்பட்டது. அதுதான் லொறி. மற்றவை யாவும் அதன் உடைமைகள். இரும்பில் உள்ள எட்டுப் பத்து எழுத்துகளே ஒரு வண்டியின் உயிர் என்று சட்டம் சொல்வதைத் திருடர்களும் நன்கு அறிந்திருக்கிறார்கள். நசுங்கிப்போன வண்டியின் இலக்கத்தை வெட்டியெடுத்துத் திருடிய வண்டியில் ஒட்டுகிற வித்தை நமது நாட்டில் புதியதன்று. ஆயினும் அன்று கராஜில் நாம் கண்டது வேறொன்று. வந்திறங்கிய வெள்ளைக் கேபினின் கதவோரத்தில் ஒரு சிறு அலுமினியத் தகடு இருந்தது. அதில் இன்னொரு லொறியின் இலக்கம்: யப்பானில் எங்கோ ஓடி, எதையோ சுமந்து, இரும்பாக உருகிப்போன ஒரு லொறியின் இலக்கம். பூட்டி முடித்ததும் இந்த வண்டிக்கு இரண்டு பெயர்கள். ஒன்று எல்லோரும் பார்க்கும் இடத்தில், பொய். மற்றது சேற்றுக்கும் கிரீசுக்கும் அடியில், உண்மை.

இங்கேதான் நமக்கு உற்சாகம் பிறந்தது. முற்போக்கு எழுத்தைப் படித்து வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி ஒரு பாடமாகவே தோன்றும்: சேஸி அடித்தளம், கேபின் மேற்கட்டுமானம்! தலையை மாற்றுகிறார்கள், அடித்தளம் அப்படியே இருக்கிறது! அதோ எதிர்ச் சரிவில் தேயிலை. எமது தோட்டங்களின் வரலாறே இதுதானே?

உண்மையிலேயே அந்த ஒப்புமை வெகுதூரம் ஓடுகிறது. இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் இலைநோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். செடி மாறியது. செடிக்கு அடியில் இருந்த ஏற்பாடு மாறியதா? கோப்பிக் காலத்துக் கங்காணி தேயிலைக்கும் வந்தார். கோப்பிக் காலத்து லயம் தேயிலைக்கும் வந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் போக, கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும் என்ற முறை 1921 வரை நீடித்தது. 1924இல் புகைவண்டி பதுளையை அடைந்தது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றித் தன் அடியிலேயே தான் நுழைவதை இன்றைக்கு வெளிநாட்டார் வந்து படம்பிடிக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் இறங்கியது தேயிலைப் பெட்டி. 1972இல் காணிச் சீர்திருத்தம். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. துரை போனார், அரசாங்க அதிகாரி வந்தார். பங்களாவின் பெயர் பங்களாதான். 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பல தோட்டங்களில் அந்தச் சம்பளத்துக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்ந்துவிட்டது என்ற முறைப்பாடும் உடனே எழுந்தது. ஒவ்வொரு முறையும் புதுக் கேபின், புது வர்ணம், புது இலச்சினை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை.

நாம் இதையெல்லாம் மனத்துக்குள் வாக்கியமாக்கிக்கொண்டு நின்றபோது, லொறியின் சாரதி ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து எம் பக்கத்தில் குந்தினார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்; முப்பது ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடிப்பவர். நமது கண்டுபிடிப்பை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “என்ன அண்ணன், தலையைத்தானே மாத்துறாங்க, உடம்பு பழசுதானே?” என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. “சேஸி மொதலாளிக்கு, சேர். கேபின் எனக்கு. நான் அதுக்குள்ளதானே இருக்கேன்” என்றார்.

பிறகு அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம். பழைய கேபினின் தரை துருவேறிப் பெயர்ந்துவிட்டது. மழை நாளில் சேறு கால்மேல் அடிக்கும். எஞ்சின் மூடியின் ஓரத்தால் புகை உள்ளே வரும். ஹப்புத்தளை ஏற்றத்தில் தொடை வெந்துபோகும். கதவின் பூட்டு கயிறு. ஆசனத்தின் வில் முறிந்து முதுகு வளைந்தது. பத்து ஆண்டுகளாக அதற்குள் ஒரு நாளில் பத்து மணி நேரம். “ரோட்ல போறவங்களுக்கு அது முகம். எனக்கு வீடு.”

மேற்கட்டுமானம் என்று நாம் அலட்சியமாய்ச் சொன்ன இடத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பது எமது வாக்கியத்தில் விடுபட்டுப்போயிருந்தது. அடித்தளம் மட்டுமே உண்மை, மற்றதெல்லாம் பூச்சு என்று எமது இளைஞர்கள் சிலர் பேசுவதைக் கேட்கிறோம். நாமும் அந்த வயதில் பேசினோம். அவர்கள் சொல்கிற ஆசான்களே அதை ஒப்பவில்லை. 1890இல் ஜோசப் புளொக் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், பொருளாதாரக் காரணி ஒன்றே தீர்மானிக்கிறது என்று தம் கொள்கையைத் திரிப்பவர்களைக் கண்டித்து, மேற்கட்டுமானத்தின் கூறுகளும் போராட்டங்களின் போக்கைப் பாதிக்கின்றன என்று விளக்கினார். தோட்டப் பாடசாலையை அரசாங்கம் பொறுப்பேற்றது அடித்தளத்தை மாற்றவில்லை. ஆனால் அந்தப் பாடசாலையிலிருந்து வந்தவர்களே இன்று பதுளையிலும் பசறையிலும் கரும்பலகைக்கு முன் நிற்கிறார்கள், இந்தச் சஞ்சிகையைப் படிக்கிறார்கள். லயத்துக்குப் புதுக் கூரை போடுவதால் லயம் வீடாகிவிடாது; ஆயினும் இரவில் ஒழுகுகிற இடத்தில் குழந்தையைக் கிடத்தியிருக்கும் தாயிடம் போய், ‘இது வெறும் சீர்திருத்தம், காத்திரு’ என்று சொல்லும் துணிவு நமக்கு வரவேண்டாம்.

எனவே கேபினை மாற்றுவது ஏமாற்று என்ற எமது முதல் தீர்ப்பை அங்கேயே கைவிட்டோம். ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

முதலாளி ஏன் கேபினை மாற்றினார்? சாரதியின் தொடை வேகிறது என்பதற்காக அன்று. அதைச் சாரதியே சொன்னார், மனக்கசப்பின்றிச் சொன்னார். எல்லவில் இப்பொழுது விடுதிகள் மலிந்துவிட்டன. விடுதிக்குக் கல்லும் மணலும் ஏற்றும் ஒப்பந்தத்துக்கும், விருந்தினரின் பொருள் ஏற்றும் ஒப்பந்தத்துக்கும், பார்வைக்குப் பழைய லொறியை ஒருவரும் அழைப்பதில்லை. புது லொறி வாங்க முடியுமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. அடுத்து அந்நியச் செலாவணியே வற்றியது. 2025 தொடக்கத்தில் தடை தளர்ந்தபோது வரியும் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்து விலையை வானத்தில் வைத்திருந்தன. ஒரேயொரு லொறியை வைத்துப் பிழைக்கும் சிறு முதலாளிக்கு எஞ்சிய வழி, உள்ளதை இளமையாக்குவது. அவரைக் கொடியவர் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடியும். நாம் அப்படி எழுதப்போவதில்லை.

முதலாளிக்குப் புது முகம் வேண்டும். சாரதிக்கு நல்ல கூடு வேண்டும். இருவர் நலனும் ஓரிடத்தில் ஒன்றாயின. ஆகவே கேபின் மாறியது. பிரேக்கில் யாருடைய நலன்? டிரம்மும் லைனிங்கும் எண்ணெய்க் குழாயும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவை நல்லனவாக இருந்தாலும் ஒப்பந்தம் கூடுவதில்லை. கெட்டிருந்தாலும் குறைவதில்லை, ஒரு நாள் வரைக்கும். “பிரேக் வேலையும் செய்யலாம்னு மொதலாளி சொன்னாரு. கேபினுக்கே காசு முடிஞ்சுபோச்சு. அடுத்த மாசம்” என்றார் சாரதி.

எல்லவிலிருந்து வெல்லவாய வரை உள்ள வீதியை அறிந்தவர்களுக்கு இந்த ‘அடுத்த மாசம்’ என்ற சொல்லின் கனம் விளங்கும். ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் 800 மீட்டருக்கு மேல் இறங்குகிறது அந்த வீதி. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். சுமையேற்றிய வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிரம் சூடேறும். சூடேறிய லைனிங் பிடியை இழக்கும். மிதிக்க மிதிக்கப் பாதம் வெறுமையில் இறங்கும். பழகிய சாரதிகள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள், எஞ்சினையே பிரேக்காக்கி. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு அதே வீதியில், 24ஆம் கிலோமீட்டர்க் கல்லை அண்டி, தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். அந்தத் துயரத்தின் காரணத்தை ஆராய்வது எமது வேலையன்று. அந்த இறக்கம் எத்தகையது என்று தூரத்து வாசகருக்குச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறோம்.

ஆக, ‘எது அந்த லொறி?’ என்ற கேள்வி கராஜிலிருந்து வீதிக்கு வந்ததும் தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. எதிரே சைக்கிளில் வருகிறவன் பார்ப்பது வெள்ளைக் கேபினை. புதிய லொறி, நல்ல பிரேக், நேரத்தில் நிற்கும் என்று அவன் கணக்கிடுகிறான். பழைய முகத்தைக் கண்டிருந்தால் இன்னும் ஓரடி ஒதுங்கியிருப்பான். கொழுந்துச் சாக்குகளின்மேல் ஏறிக்கொள்கிற பெண்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். வண்டியின் முகம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதியைக் கேபின் தருகிறது. நிறைவேற்ற வேண்டியது சேஸி. தீசியஸின் கப்பலைப் பற்றிய வாதத்தில் இந்தச் சிக்கல் பேசப்படவில்லை. தத்துவவாதிகளுக்கு அது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. பொருளொன்றைப் பிறர் தம் உயிரை வைத்து நம்பும்போதுதான், அது ‘அதேதானா’ என்பது நீதியின் கேள்வியாகிறது.

பொய் சொன்னவர் யார்? பாஸ் சொல்லவில்லை, பழைய ஆளுக்குப் புது முகம் என்று வெளிப்படையாகவே சொன்னார். முதலாளி சொல்லவில்லை, புத்தகத்தில் சேஸி இலக்கம் உள்ளபடி இருக்கிறது. சாரதி சொல்லவில்லை. ஒருவரும் பொய் சொல்லாமலே வீதியில் ஒரு பொய் ஓடுகிறது. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் போதிக்கிற எமது நீதிநூல் பாடங்கள் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. ‘பொய் சொல்லாதே’ என்று யாரிடம் சொல்வது? சந்தையிலே முகத்துக்கு விலை இருக்கிறது, பிரேக்குக்கு விலை இல்லை. அந்த விலைப்பட்டியலை எழுதியவரிடமா?

இலக்கங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த லொறி யப்பானில் பிறந்தது. அதன் தந்தை யார், பாட்டன் எங்கே பிறந்தான் என்று எவரும் கேட்கவில்லை. இரும்பில் இலக்கம் இருந்தது. இலங்கைப் பதிவு கிடைத்தது. எஞ்சின் மாறியும், தலை மாறியும், அந்தப் பதிவு கலையவில்லை. இதை ஓட்டுகிறவரின் குலத்துக்கு நேர்ந்தது வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தவனிடமே தந்தையின் பிறப்பை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டென்றது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சாட்சி ஏது? 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேர் பங்கிடப்பட்டனர்: 525,000 அங்கே, 300,000 இங்கே, மிகுதி 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். நிறுவையில் போட்ட கொழுந்துக்குக்கூட இவ்வளவு முழுமையான இலக்கம் விழுவதில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அந்தக் கணக்கு தீரவில்லை. சாரதியிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டோம். தந்தையின் அண்ணன் இராமேசுவரம் போய்விட்டார், கப்பலேறும் நாளில் பதுளை ஸ்டேசனில் பிரிந்ததோடு சரி என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தைக் கழற்றி இரண்டு கரையில் பூட்டியபிறகு எது அந்தக் குடும்பம் என்று எந்தத் தத்துவவாதியிடம் கேட்பது என்று எமக்குத் தெரியவில்லை.

மாலை ஐந்துக்குக் கேபின் அமர்ந்துவிட்டது. பாஸ் சுற்றி வந்து நான்கு தாங்கிகளையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சாரதி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். திறந்து மறுபடியும் சாத்தினார், பூட்டின் சத்தத்தைக் கேட்பதற்கென்றே. டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. அதற்குரிய கம்பி பழைய உடலில் எதனோடும் சேரவில்லை என்று பாஸ் விளக்கினார். சாரதி தம் சட்டைப்பையிலிருந்து சிறு ஸ்டிக்கர்ப் பிள்ளையாரை எடுத்து அந்த விளக்கின்மேலேயே ஒட்டினார். பின்பு அவர் செய்ததை நாம் எதிர்பார்க்கவில்லை: முதலாளிக்குத் தொலைபேசியில் பேசி, லைனிங் மாற்றும்வரை வெல்லவாயப் பக்கம் சுமை ஏற்றமாட்டேன், பண்டாரவளை ஓட்டம் மட்டும் ஓடுகிறேன் என்றார். மறுமுனையில் என்ன பதில் வந்ததென்று எமக்குக் கேட்கவில்லை. அவர் நெடுநேரம் “சரிங்க, சரிங்க” என்றார். கடைசியில் ஒரு முறை, மெதுவாக, “இல்லீங்க” என்றார்.

பழைய கேபினைப் பற்றியும் சொல்லவேண்டும், ஹொப்ஸ் கேட்டாரல்லவா? அது கராஜின் பின்புறத்தில் நெடுநாள் கிடக்கவில்லை. அடுத்த வாரம் நாம் அவ்வழியே திரும்பியபோது கதவுகள் இரண்டும் போய்விட்டிருந்தன. ஒன்றைத் தோட்டத்திலிருந்து வந்தவர் லயத்துக்குப் பின்னே விறகுக்கூடத்துக்குக் கதவாக்க எடுத்துப் போனாராம். கூரைத் தகட்டை இன்னொருவர் கோழிக்கூட்டுக்குக் கேட்டுவைத்திருக்கிறார். மற்றக் கதவை எடுத்தது யாரென்று பாஸுக்கு நினைவில்லை. லொறி வந்ததா என்று கேட்டோம். வரவில்லை, பிரேக்குக்கு இன்னும் வரவில்லை என்றார்.